ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்க

புதுமனை புகுவிழாவுக்கோ பிறந்தநாளுக்கோ யாரோ கொடுத்த ஃபலனாப்சிஸ் இரண்டு மூன்று மாதம் வரவேற்பறையில் அமோகமாகப் பூத்து நிற்கும். கடைசிப் பூ உதிர்ந்த பிறகுதான் அது ஒரு செடி என்பதே வீட்டில் ஞாபகம் வரும். அப்போது வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இலை ஒரு மாதிரி இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. இலையில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் வேரில் ஆரம்பித்தது. வேரைப் பார்க்காமல் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்துதான் பல செடிகள் போகின்றன.

சென்னை மாதிரி சூடும் புழுக்கமும் உள்ள ஊரில், அடுக்குமாடி வீட்டுக்குள் வளர்ப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். பெங்களூரு, ஓசூர், கோவைக்காரர்களுக்கு வெப்பத்தைப் பற்றிய கவலை பாதி குறையும். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே சோதித்துக்கொண்டு போங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

செடியை அதன் அலங்காரத் தொட்டியிலிருந்து வெளியே தூக்குங்கள். பரிசாக வரும் செடிகள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் தொட்டி, ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பீங்கானின் அடியில் ஒரு விரல் அளவு தண்ணீர் தேங்கியிருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. கொட்டிவிடுங்கள். பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டுமென்றால், தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு செடியை உள்ளே வையுங்கள்.

அடுத்து, பிளாஸ்டிக் தொட்டி கண்ணாடி போலத் தெரிகிற வகையாக இருந்தால் வெளியிலிருந்தே வேரைப் பாருங்கள். காய்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்த வேர் பச்சை, இரண்டும் நல்லதே. பழுப்போ கறுப்போ என்றால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியின் உள்பக்கச் சுவரில் நீர்த்துளி கோர்த்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தொட்டி ஒளி ஊடுருவாததாக இருந்தால், ஒரு மூங்கில் குச்சியை நடுவில் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

## அறிகுறி 1: இலை தொய்ந்து சுருங்கியிருக்கிறது

அதிகம் வருவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். இலையின் நீளவாக்கில் வரிவரியாகச் சுருக்கம் விழும். தடிமன் குறைந்து, மூன்று நாள் வெளியே கிடந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் குறைந்தாலும் இப்படித்தான் ஆகும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இப்படித்தான் ஆகும். இரண்டிலுமே இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அதனால் இலையைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. வேரை அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

### வேர் வெள்ளியாக, கெட்டியாக இருக்கிறது. தொட்டி எடையே இல்லை

தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கெட்டில் சாதாரண வெப்பத்தில் உள்ள தண்ணீர் எடுத்து, தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை 15-20 நிமிடம் முக்கி வையுங்கள். குருத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது. எடுத்து நன்றாக வடியவிடுங்கள். வேர் பச்சையாக மாறும். அது மறுபடி வெள்ளியாகும்போது அடுத்த முறை. "வாரம் ஒரு தடவை" என்று காலண்டர் பார்த்து ஊற்றுவது சித்திரையில் போதாது, ஐப்பசி அடைமழையில் அதிகம்.

மறுநாளே இலை நிமிரும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மூன்று வாரம் ஆகும். பழைய சுருக்கம் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். புதிதாக வரும் இலை விறைப்பாக இருக்கிறதா என்பதே கணக்கு.

### மேலே காய்ந்திருக்கிறது, நடுவில் ஈரம்

பலரும் தவறவிடுகிற இடம் இது. நர்சரியில் நாற்றாக இருந்தபோது செடியின் வேரைச் சுற்றி ஸ்பாக்னம் பாசியை உருண்டையாகக் கட்டி, ஒரு சின்ன வலைக்கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். பிறகு அந்தக் கிண்ணத்தோடே பெரிய தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் மரப்பட்டைத் துண்டுகளைப் போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பட்டை காய்ந்திருக்கும், நீங்களும் நியாயமாகவே தண்ணீர் ஊற்றுவீர்கள். உள்ளே அந்தப் பாசி உருண்டை வாரக்கணக்கில் நீர் கோர்த்து, தண்டின் அடியையே அழுக வைத்துக்கொண்டிருக்கும்.

பூ முடிந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, நடுவில் அப்படி ஒரு கிண்ணமோ பாசிக்கட்டியோ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் கத்திரியால் கிண்ணத்தை வெட்டி, பாசியைத் தண்ணீரில் ஊறவிட்டு விரலால் பிய்த்து எடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் பின்னால் வரும் பல தொல்லைகள் வராது.

### வேர் பழுப்பு, அழுத்தினால் கொழகொழ

அழுகல். மாற்றி நட வேண்டும், பூ இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம்.

தொட்டியைக் கொஞ்ச நேரம் நனைத்து, செடியை வெளியே எடுத்துப் பழைய பட்டையை எல்லாம் உதறிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் வேரை அலசுங்கள். ஒவ்வொரு வேரையும் இரு விரலால் லேசாக அழுத்தி வாருங்கள். கெட்டியாக இருந்தால், நிறம் மங்கலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் படாத வேர் மஞ்சளாக இருப்பது இயல்பு. உள்ளே காற்று மாதிரி வெற்றாக இருந்தாலோ, மேலுறை கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றாலோ, நல்ல பகுதி தொடங்கும் இடம்வரை வெட்டிவிடுங்கள். கத்திரியை அடுப்பில் வாட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட செடி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது பிளேடு எடுப்பது நல்லது.

வெட்டிய வாயில் மட்டும் பட்டைத்தூள், அதாவது சமையலறையில் இருக்கும் லவங்கப்பட்டையைப் பொடித்தது, தொட்டு வைக்கலாம். நல்ல வேர் முழுக்கத் தூவிவிடாதீர்கள், அது வேரையும் சேர்த்து உலர்த்திவிடும். நிழலில் சில மணி நேரம் ஆறவிட்டு, வேர்க்கொத்து அடங்குகிற அளவுத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி போட்டால் பெரிதாக வளரும் என்ற கணக்கு இந்தச் செடிக்கு ஒத்துவராது. தொட்டி பெரிதானால் ஈரம் அதிக நாள் தங்கும்.

கலவை பற்றி நிறையச் சண்டை உண்டு. என் கட்சி: சென்னைப் புழுக்கத்துக்கு பைன் பட்டைத் துண்டும் மரக்கரித் துண்டும் போதும். ஏசி நாள் முழுக்க ஓடும் அறையென்றால் ஒரு பிடி ஸ்பாக்னம் பாசி சேர்க்கலாம். தேங்காய் மட்டைத் துண்டு மலிவு, ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தே போட வேண்டும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. "எல்லாச் செடியும் மண்ணில்தானே வளருது" என்று மாமியார் அன்போடு செம்மண்ணில் நட்டுவைத்த ஆர்க்கிட்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. இது மரக்கிளையில் ஒட்டி வாழும் செடி, வேருக்குக் காற்று வேண்டும்.

நட்ட பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். வெட்டுவாய் ஆறட்டும். செடி ஆடாமல் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஆடுகிற செடியில் புது வேர்நுனி உரசி உரசி நின்றுபோகும்.

### வேரே மிஞ்சவில்லை

ஒன்றிரண்டு நல்ல இலையும் குருத்தும் இருந்தால் முயற்சி செய்யலாம். ஈரம் பிழிந்த ஸ்பாக்னம் பாசியின் மேல், அதைத் தொட்டும் தொடாமலும் தண்டின் அடி நிற்கிற மாதிரி வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் விடுங்கள். பூந்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள், அதைத் தாங்கும் சக்தி செடிக்கு இல்லை. பிளாஸ்டிக் கவரில் மூடி வைக்கச் சொல்லும் வீடியோக்கள் குளிர் நாட்டில் எடுத்தவை. நம் ஊர் 34 டிகிரியில் மூடிய கவருக்குள் வேர் வருவதற்கு முன் பூசணம் வரும். மூடினாலும் பாதி திறந்திருக்கட்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று மாதமாகியும் தண்டில் ஒரு பச்சைப் புடைப்புகூட வரவில்லை, இலையும் மெலிந்துகொண்டே போகிறதென்றால் விட்டுவிடலாம். எந்த நிபுணரும் இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 2: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதே கேள்வி.

அடியில் உள்ள ஒரே ஒரு இலை, மெதுவாக, முழுதும் மஞ்சளாகிறது: வயதாகிவிட்டது. தானாக உதிரட்டும், பச்சையாக இருக்கும்போது பிடுங்க வேண்டாம்.

அடியிலிருந்து இரண்டு மூன்று இலை ஒரே சமயத்தில்: அறிகுறி 1-க்குப் போய் வேரைப் பாருங்கள். வேர் நன்றாக இருந்து, வருடக்கணக்கில் உரமே போடவில்லையென்றால் பசி. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம், ஏற்கெனவே நனைந்த வேருக்கு வாரம் ஒருமுறை கொடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு வயலுக்கானது.

செடி முழுக்க வெளிறிய மஞ்சள்பச்சை, ஓரத்தில் லேசான செம்மை: வெளிச்சம் அதிகம். ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். ஊதா, இளஞ்சிவப்புப் பூ வகைகளில் இலையின் அடிப்புறம் செம்மையாக இருப்பது இயற்கை. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலை தண்டோடு சேரும் அடியில் மஞ்சளாகி, நுனி இன்னும் பச்சை, தொட்டால் கழன்று வருகிறது: தண்டு அழுகல். மற்றச் செடிகளிடமிருந்து உடனே பிரியுங்கள். கழன்ற இடத்தில் தண்டைப் பாருங்கள். உள்ளே கறுப்போ செம்பழுப்போ வளையம் போட்டிருந்தால் பிழைப்பது அபூர்வம்.

## அறிகுறி 3: குருத்து கறுத்துவிட்டது, நடு இலை கையோடு வருகிறது

குருத்துக்குள் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றிருக்கும். ஃபலனாப்சிஸுக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான், அது இந்தக் குருத்து. அதனால் இதில் நேரம் முக்கியம்.

நடு இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். கெட்டியாக நின்று, அடியில் லேசான கருமை மட்டும் என்றால், டிஷ்யூ தாளைத் திரித்து உள்ளே விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். கார்பெண்டாசிம், மேன்கோசெப் கலந்த பூசணக்கொல்லி உரக்கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 2 கிராம் கலந்து குருத்தில் விட்டு, கால் மணி நேரத்தில் செடியைச் சாய்த்து வடித்துவிடுங்கள். பால்கனியில் வைத்து, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்கிற வேலை இது. படுக்கையறையிலும் சமையலறையிலும் வேண்டாம்.

இலை கையோடு வந்துவிட்டால் அந்த நுனி முடிந்தது. ஆனாலும் கீழ் இலைகளும் வேரும் நன்றாக இருந்தால் செடியைத் தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். அழுகலை உலர்த்தி நிறுத்திவிட்டால், சில மாதம் கழித்துத் தண்டின் பக்கத்திலிருந்து ஒரு குட்டிச் செடி கிளம்பலாம். அதுவரை தண்ணீர் வேருக்கு மட்டும்.

ஒரே நாளில் அழுகல் விரல் அளவு பரவி, நீர்கோர்த்த மாதிரி ஆகி, துர்நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா. பூசணக்கொல்லி வேலை செய்யாது. அழுகலுக்கு வெளியே நல்ல பகுதியில் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டி எறியுங்கள். தண்டுக்குள் இறங்கிவிட்டால் செடியைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

இனி வராமலிருக்கக் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள், இலை மேல் தெளிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும் பால்கனியில் செடி இருந்தால் தீபாவளிக்கு முன்னாலேயே உள்ளே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 4: இலையில் புள்ளி, திட்டு

ஒரு பேனாவால் திட்டின் ஓரத்தில் கோடு போட்டு, போட்டோ எடுத்து, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

கோட்டைத் தாண்டவில்லை, வெயில் படும் மேட்டில் ஒரே திட்டு, காய்ந்து வெளிறியோ கறுத்தோ இருக்கிறது. வெயில் சுட்டது. இடத்தை மாற்றுங்கள், இலையை வெட்ட வேண்டாம். மிச்சப் பச்சை செடிக்குச் சோறு போடும். மேற்கு ஜன்னல் மாசி மாதத்துக்கு மேல் ஆபத்து. கிழக்கு ஜன்னலில் காலை எட்டு, எட்டரை வரையான வெயில் ஒன்றும் செய்யாது. தென்பக்க ஜன்னலைக் குளிர்காலத்தில் கவனியுங்கள்: சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போது, ஆறு மாதமாக நிழலாக இருந்த இடத்துக்கு நேர் வெயில் வந்துவிடும். "இடமே மாத்தலையே, எப்படிச் சுட்டுச்சு?" என்பதற்கு விடை பெரும்பாலும் இதுதான்.

கோட்டைத் தாண்டிவிட்டது, நீர்கோர்த்த திட்டு, சுற்றி மஞ்சள் வளையம். பாக்டீரியா புள்ளி. அறிகுறி 3-ல் சொன்ன மாதிரி வெட்டுங்கள், தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், காற்றோட்டம் கொடுங்கள்.

பளபளப்புப் போய், இலையின் அடியில் வெள்ளி மாதிரி மினுமினுப்பு, பொடிப்பொடிப் புள்ளி. அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். செம்பழுப்புக் கறை வந்தால் சிலந்திப்பேன். ஏசி அறையின் வறண்ட காற்றில் அதிகம் வரும். ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்தெடுத்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தொடர்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இலையில் குழி விழுந்த மாதிரி திட்டு, ஊட்டி கொடைக்கானல் வீடு. மார்கழி இரவில் கண்ணாடியை ஒட்டி வைத்திருந்ததால் குளிர் அடித்திருக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வளையம் வளையமாக, கோடுகோடாகக் கறுப்பு. புதிய இலையிலும் அதே. பூவிலும் நிறம் உடைந்து திட்டுத்திட்டாக வருகிறது. வைரஸாக இருக்கலாம். சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஒடோன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸும் ஆர்க்கிட்களில் உலகமெங்கும் காணப்படுபவை. மருந்து கிடையாது, கத்திரி வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும் முடியாது. ஒரே செடிதான் என்றால் ஓரமாக வைத்து வளர்க்கலாம். நிறையச் செடி வைத்திருப்பவர், விற்பவர் என்றால் ஆய்வகச் சோதனைக்குக் கொடுப்பதே முறை.

## அறிகுறி 5: மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்கிறது

உதிர ஆரம்பித்த மொட்டைக் காப்பாற்ற முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

வாங்கி வந்து ஒரு வாரம்தான் ஆகிறதா? வண்டிப் பயணமும் இடமாற்றமும் காரணம். ஒரே இடத்தில் வையுங்கள், எதையும் மாற்றாதீர்கள். வீட்டில் இருக்கிற செடி என்றால் ஏசியின் காற்று மொட்டில் நேராகப் படுகிறதா என்று பாருங்கள். ஒரு டிஷ்யூ துண்டைப் பூந்தண்டு பக்கத்தில் பிடித்தால் ஆடுவது தெரியும்.

அடுத்து, சாப்பாட்டு மேஜை. பழுக்கிற பழம் எத்திலீன் வாயு விடும், அது மொட்டை உதிர்க்கும். வாழைப்பழச் சீப்புப் பக்கத்தில் மேஜை அலங்காரமாக ஆர்க்கிட் வைப்பது வழக்கமாகிவிட்டது. மே மாதம் கட்டிலுக்கடியில் வைக்கோலில் மாம்பழம் பழுக்க வைத்திருக்கும் அறையில் மொட்டுள்ள செடி வைத்தால் மாம்பழம் மட்டுமே மிஞ்சும். சாம்பிராணிப் புகையிலும் இதே வாயு உண்டு. பூஜையறைப் பக்கமும் வேண்டாம்.

இதெல்லாம் இல்லையென்றால் வேர். அதுவும் சரியென்றால் ஒரு மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மெல்லிய, நீளமான பூச்சி ஊர்ந்தால் இலைப்பேன். பூக்களையும் மொட்டையும் வெட்டி எடுத்துவிட்டு, செடிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க வேண்டும். கரைசல் செய்முறை அறிகுறி 7-ல் இருக்கிறது.

## அறிகுறி 6: செடி நன்றாக இருக்கிறது, பூக்கவே இல்லை

முதலில் வெளிச்சம். காலை பதினொரு மணிக்கு, இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலான நிழல் விழுந்தால் சரியான அளவு. நிழலே தெரியவில்லையென்றால் போதாது. இலை கரும்பச்சையாக, நீண்டு தொங்கிக்கொண்டிருப்பதும் அதே சேதி சொல்லும். இலை அழகாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம், புல்பச்சையே நல்ல நிறம்.

அப்புறம் வெப்பம். சென்னையில் பூக்காமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் இது. பூந்தண்டு கிளம்ப, பல வாரம் சுமார் 25 டிகிரிக்கு மேல் போகாத சூழல் வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை போடும், தண்டு போடாது. மே, ஜூனில் இரவே 27, 28 டிகிரி இருக்கிற ஊரில் அது என்ன செய்யும்? டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய இரவு 21-க்கு வருவது ஒன்றே வாய்ப்பு. அந்தச் சமயத்தில் கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்து, இரவில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் நல்லது. இரவில் 24-ல் ஏசி ஓடும் படுக்கையறை இருந்தால், காற்று நேராகப் படாத மூலையில் வைத்தும் பார்க்கலாம், பகல் வெளிச்சம் குறையாமல். செடிக்காக மட்டும் ஏசி ஓட்டுவது, என்னைக் கேட்டால், அநியாயம். மின்கட்டணத்துக்குப் பூத்த செடியே வாங்கிவிடலாம்.

செடிக்குச் சக்தி இருக்கிறதா? மூன்று நல்ல இலைக்குக் குறைவாக இருந்தால், போன வருடம் அழுகி மீண்ட செடியாக இருந்தால், இந்த வருடம் கேட்காதீர்கள்.

பழைய பூந்தண்டு. காய்ந்துவிட்டால் அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருந்து செடியும் திடமாக இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு ஒரு விரல் மேலே வெட்டினால் கிளைத் தண்டு வரக்கூடும். அந்தக் கணுவில் பூவுக்குப் பதிலாகக் குட்டி இலைகள் வந்தால் அது குட்டிச் செடி. இரண்டு மூன்று வேர், விரல் நீளத்துக்கு வந்த பிறகு பிரித்து நடலாம்.

இலையிடுக்கில் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறது, வேரா தண்டா தெரியவில்லையா? நுனி வழுவழுப்பாக உருண்டு, வந்த வேகத்தில் கீழே வளைந்தால் வேர். நுனி சற்றுத் தட்டையாகி ஒரு பக்கம் மடிப்பு வைத்து, மேல்நோக்கி ஏறினால் பூந்தண்டு. தண்டு என்று தெரிந்ததும் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள், அது வெளிச்சத்தைத் தேடி வளைந்து நெளிந்து போகும். பூ விரிய மூன்று மாதமாவது ஆகும்.

எல்லாம் செய்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் கடைசிச் செலவு எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்கு. இலையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரத்தில், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். டைமர் வைத்துவிட்டால் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 7: பிசுபிசுப்பு, வெள்ளைப் பஞ்சு, எறும்பு வரிசை

பூந்தண்டிலோ மொட்டின் அடியிலோ தெளிந்த சொட்டுகள் மட்டும் இருந்து, எந்தப் பூச்சியும் இல்லையென்றால் செடியே சுரக்கிற தேன் அது. துடைத்துவிட்டுப் போகலாம். எறும்பும் அதற்காகவே வந்திருக்கலாம்.

இலையிடுக்கில், பூவின் பின்புறத்தில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் பழுப்பு மேடுகள் இருந்தால் செதில்பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். குருத்துக்குள் ஊற்றாதீர்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, புதிதாக எதுவும் தெரியாதவரை. பரவியிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, அந்தி நேரத்தில் பால்கனியில் வைத்து அடியுங்கள். பூவில் பட வேண்டாம். இரண்டு நாள் வீடு வேப்பெண்ணெய் மணக்கும், சகித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் வேரில் ஒளிந்திருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து, பட்டையை மாற்றி, வேரை அலசி நட வேண்டியதுதான். எறும்பை மட்டும் துரத்தி மாவுப்பூச்சியை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் இரண்டும் திரும்பும்.

## அறிகுறி 8: பட்டை மேல் வெள்ளைப் படிவு, வேர்நுனி கருகல்

தண்ணீரில் உப்பு, அல்லது உரம் அதிகம். போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? சென்னையின் பல பகுதிகளில் அது உப்பு அதிகமானது. மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகள் உண்டு. வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி வழியாக நல்ல தண்ணீரை ஐந்து நிமிடம் நிதானமாக ஊற்றி வடியவிடுங்கள், மாதம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். படிவு கெட்டியாகிவிட்டால் பட்டையை மாற்றுங்கள்.

## பழுது மாதிரி தெரியும், பழுதில்லை

வேர் தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருப்பது இந்தச் செடியின் சுபாவம். வெட்டாதீர்கள், தொட்டிக்குள் திணிக்காதீர்கள். பெரும்பாலான வேர் வெளியே இருந்து, உள்ளே பட்டை பொடிந்து மண் மாதிரி ஆகியிருந்தால் மட்டும் மாற்றி நடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஈரப்பதத்தில் பட்டை ஒன்றரை, இரண்டு வருடத்தில் பொடிந்துவிடும்.

தொட்டியைத் தட்டினால் சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றனவா? அவை செடியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கலவை மட்கி, காயாமல் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன. காயவிடுங்கள், நிற்கவில்லையென்றால் மாற்றுங்கள்.

## யாரைக் கேட்பது, எப்போது கேட்பது

தனியே பிரித்து, வெட்டி, காயவைத்தும் ஒரு வாரத்தில் அழுகல் நிற்கவில்லை, பக்கத்துச் செடிகளுக்கும் அதே புள்ளி வந்துவிட்டது, வைரஸ் சந்தேகம். இந்த மூன்றில் ஒன்று இருந்து, காப்பாற்ற வேண்டிய செடிகளும் பல இருந்தால் வெளியே கேளுங்கள். ஒரே ஒரு பரிசுச் செடிக்காக மருந்துகளுக்குச் செலவழிப்பது புதுச் செடியின் விலையைத் தாண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறை இருக்கிறது, மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஆர்க்கிட் மட்டும் வளர்க்கும் நர்சரிக்காரர் கிடைத்தால் அவரும் நல்ல ஆள். பூச்சிமருந்துக் கடையில் இலையைக் காட்டிக் கேட்பதைத் தவிர்க்கலாம். அங்கே நெல்லுக்கும் தக்காளிக்கும் தெரிந்த மருந்தே கைக்கு வரும்.

யாரிடம் போனாலும் இலையின் படம் ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். செடியை முழுதாக ஒன்று, தொட்டியிலிருந்து எடுத்த வேர் ஒன்று, கோடு போட்ட திட்டு முதல் நாளும் மூன்றாம் நாளும் என்று இரண்டு, செடி நிற்கும் ஜன்னல் பகலில் ஒன்று. கூடவே எந்தத் தண்ணீர், கடைசியாக எப்போது ஊற்றினீர்கள், கலவை என்ன, ஏற்கெனவே என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். மாதிரி கேட்டால், நோய்ப்பகுதியும் நல்ல பகுதியும் சேர்ந்திருக்கும் இலைத்துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஈரப் பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் அது வேறு ஏதோ அழுகலாகிவிடும்.